புளி போட்டு விளக்கிய போல்ட்டுகள்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம். பட்டறையின் பின்பக்கம் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, ஒரு உருண்டை புளியும் ஒரு பிடி சாம்பலும் வைத்துக்கொண்டு, கார் போல்ட்டுகளை விளக்கிக்கொண்டிருந்தேன்.

விளக்க விளக்க மஞ்சள் தண்ணீராக ஓடியது. எவ்வளவு அழுக்கு ஏறியிருக்கிறது பார், இந்த ஆம்பிளைகள் ஒரு நாளாவது சாமானைக் கழுவியிருந்தால்தானே என்று முணுமுணுத்தபடி இன்னும் அழுத்தித் தேய்த்தேன். செமினியில் என் பிறந்த வீட்டுக் குத்துவிளக்குகளைப் பத்து வயதிலிருந்து விளக்கியவள் நான். புளி கைக்கு வந்துவிட்டால் யாரும் என்னை நிறுத்த முடியாது.

பித்தளையை விளக்கினால் மஞ்சள் கூடும். இவை விளக்க விளக்க வெளுத்துச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ‘அட, உள்ளே வெள்ளி மாதிரியல்லவா இருக்கிறது!’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். தட்டு நிறைய போல்ட்டு, நட்டு, கொக்கி, பானட் பூட்டு, பிரேக் பக்கத்து இரும்புத் தகடுகள் என்று ஒன்று பாக்கியில்லாமல் விளக்கி, வெயிலில் வரிசையாகக் காயவைத்துவிட்டு, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன்.

செய்து முடித்ததைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

பம்பரும் கலசமும்

செமினியிலிருந்து கிள்ளானுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். இது அதற்கு அடுத்த வருஷம், எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் மாணிக்கத்துக்கு முலாம் பூசும் பட்டறை. வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை, நாலைந்து தொட்டிகள், ஒரு பாலிஷ் மோட்டார். மோட்டார் சைக்கிள் புகைக்குழாயிலிருந்து கோயில் கலசம் வரை எல்லாம் வரும். லோரிக்காரர்கள் பம்பரைக் கழற்றிக்கொண்டு வந்து, “அண்ணே, கண்ணு கூசணும் லா, அப்படிப் போட்டுக் கொடுங்க” என்பார்கள். அவரும் கண் கூசப் போட்டுக் கொடுப்பார்.

அமில வாசனை வீட்டுக்குள்ளும் வரும். முதல் மாசம் எனக்குத் தலைவலி. இரண்டாவது மாசம் பழகிவிட்டது. மூன்றாவது மாசம் அந்த வாசனை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்னவோ போலிருந்தது. பட்டறைக்குள் போய் நாலு வேலை கற்றுக்கொள்ள ஆசை. அவரோ, “அங்க எல்லாம் மருந்து. நீ வந்து கையைச் சுட்டுக்காதே” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். வருஷத்தில் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் எனக்கு உள்ளே அனுமதி, அதுவும் துடைப்பத்தோடு.

“என்ட கண்தான் சாம்பிள்”

நான் விளக்கிய சாமான்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த பொன்னையா அங்கிளுடையவை. ரயில்வே அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் பையில் இரண்டு பேனாவுமாகத்தான் வருவார். அறுபதுகளில் அவர் புதிதாக வாங்கிய கார், கல்யாணம் முடிந்து ஆன்டியோடு பினாங்குக்குப் போன கார், ரொம்ப வருஷம் படுதா போட்டுக் கிடந்தது. ரிட்டயர் ஆனதும் அதைத் திரும்ப எழுப்பியே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

பழைய கார் பிரியர்கள் நிறையப் பேர் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் குரோமில் பளபளக்க வேண்டும். அங்கிள் அந்த ஜாதி இல்லை.

“தம்பி, பம்பருக்கும் லாம்ப் வளையத்துக்கும்தான் குரோம். பானட்டைத் திறந்தா உள்ளுக்கு இருக்கிற போல்ட்டு, கொக்கி, தகடு எல்லாம் ஃபாக்டரியில மஞ்சள் ஜிங்க்கிலதான் வந்தது. அதுக்கும் குரோமைப் பூசினா என்ட காருக்குக் கலியாணப் பொம்பிளை வேஷம் போட்ட மாதிரிக் கிடக்கும். எது எப்பிடி வந்ததோ அப்பிடியே வேணும்.”

மஞ்சள் ஜிங்க் என்றால் இதுதான்: இரும்பைக் கழுவி, ஜிங்க் என்கிற துத்தநாகத் தொட்டியில் கரண்ட் ஓட்டினால் நீலம் கலந்த வெள்ளையாக ஒரு பூச்சு ஏறும். அதை மஞ்சள் மருந்தில் சில விநாடி முக்கி எடுத்தால் பொன்னிறம் பிடிக்கும். சாய்த்துப் பார்த்தால் அதிலே பச்சையும் ரோஸும் ஓடும். அழகுக்காக மட்டுமில்லை. அந்த மஞ்சள்தான் துருப்பிடிக்காமல் காக்கும் மேல்தோல். முக்கும் நேரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும்.

என் வீட்டுக்காரர் ஒரு சின்னத் தகட்டில் மஞ்சள் போட்டு சாம்பிள் காட்டினார். அங்கிள் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “மஞ்சள் கூடிப்போச்சு” என்றார். இவர் மஞ்சளைக் குறைத்துப் போட்டார். “இன்னும் கூடத்தான்.” இப்படி ஆறு சாம்பிள் திரும்பி வந்தன. ஒரிஜினல் துண்டு ஏதாவது இருந்தால் கொடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று இவர் கேட்டதற்கு, “எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சுது. என்ட கண்தான் சாம்பிள். அந்த நிறம் எனக்கு மறக்குமே?” என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆறு தகட்டையும் ஒரு கம்பியில் கோத்து, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார் இவர். மனுஷன் சாப்பிடும்போதுகூட அதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இருபது வருஷமாகத் தொட்டியே கதி என்று இருந்தவருக்கு, தன் கையே தன்னை ஏமாற்றுகிறதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் மனசுக்குச் சரியென்று பட்ட நிறத்தில் எல்லாவற்றையும் போட்டு முடித்து, ஆனது ஆகட்டும் என்று தட்டில் வைத்தார்.

அந்தத் தட்டைத்தான் நான் விளக்கினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கிள் முதல் தடவை அந்தக் காரை எங்கள் வாசலுக்கு ஓட்டி வந்தபோது, புதிதாக பெயின்ட் அடித்திருந்தது. “செலாயாங்கில ஒரு பட்டறையில குடுத்து அடிச்சது. ஒரிஜினல் கிரீம். கலர் கார்டுகளைப் பாத்துப் பாத்து நானே எடுத்தனான்” என்றார். என் கண்ணுக்கு அது பால் வெள்ளையாகத்தான் தெரிந்தது. கார்க்காரர்கள் பாஷையில் வெள்ளைக்கு கிரீம் என்று பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கோலம் போட்ட தொட்டி

குழாயடிக்குத் திரும்புவோம். பூவும் அவல் பொரியும் வாழைக்கன்றும் வாங்கப் பாசாருக்குப் போயிருந்த இவர், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். கையிலிருந்த வாழைக்கன்று கீழே விழுந்தது.

“தேவி... இது என்ன?”

“பூஜைக்கு வைக்கணும்ல. பித்தளையெல்லாம் மங்கிக் கிடந்துச்சு. புளி போட்டேன்.”

“அலாமாக்! இது பித்தளை இல்ல லா. அங்கிளோட மஞ்சள் ஜிங்க். ஆறு தடவை... ஆறு தடவை...” தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு போல்ட்டை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாரே, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

“இன்னொரு தடவை போட்டுடுங்களேன். பொழுது இருக்கே.”

அவர் பட்டறைப் பக்கம் கையைக் காட்டினார். தொட்டிகளைக் கழுவி மூடியாகிவிட்டது. மூடி மேல் காலையில் நான்தான் மாக்கோலம் போட்டு, குங்குமம் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு பூஜை முடிந்து, விஜயதசமி அன்று தீபம் காட்டிய பிறகுதான் கரண்ட் போடுவோம். இவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அந்தக் கோலத்தை அழித்துவிட்டு வேலை செய்யச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அங்கிளோ விஜயதசமி காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார், நல்ல நாளில் காரில் மாட்டத் தொடங்க வேண்டுமாம்.

அந்த வருஷம் சுண்டலில் உப்பு போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. சாமி முன்னால் அந்தத் தட்டை வைத்து, சந்தனமும் குங்குமமும் பூவும் போட்டோம். சரஸ்வதியிடம் எனக்குக் கொஞ்சம் அறிவு கொடு என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

விஜயதசமி காலை

ஏழரைக்கே கார் சத்தம் கேட்டது. கழற்றியவற்றுக்குப் பதில் கடைச் சாமான்களைத் தற்காலிகமாக முடுக்கி, அதே காரை ஓட்டி வந்திருந்தார் அங்கிள். இவர் வேட்டியோடு வாசலுக்குப் போனார். நடந்ததைச் சொல்லிவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். நான் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நின்றேன்.

“அங்கிள், ஒரு விஷயம்...” என்று இவர் தொடங்குவதற்குள் அங்கிள் தட்டிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துவிட்டார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

“ஓம்!” என்றார். “இதுதான். இதைத்தான் இவ்வளவு நாளும் கேட்டனான். அந்தப் பழைய மஞ்சள், அப்பிடியே! ஏழாம் தரத்தில பிடிச்சிட்டீர் தம்பி.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தட்டில் இருந்தது ஈயப் பாத்திரம் மாதிரிச் சாம்பல் நிறம். அதில் மஞ்சள் என்று சொல்ல ஏதாவது இருந்ததென்றால் ஓரத்தில் ஒட்டிய சந்தனம்தான்.

அங்கிளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாற மாசம் அன்ரியைக் கூட்டிக்கொண்டு பினாங்குக்குப் போறன். அப்ப போன மாதிரியே, இதே காரில. நான்தான் ஓட்டுவன்.” தட்டைத் தானே வாங்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் வைத்தார். காரை எடுத்து வளைத்தபோது, வாசல் கம்பத்தில் கட்டியிருந்த வாழைக்கன்று சடசடவென்று முறிந்து விழுந்தது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

“தப்பிச்சோம்” என்றார் இவர், பெருமூச்சோடு.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

முறிந்த வாழைக்கன்று

முறிந்த கன்றை எடுத்துப் போடப் போனேன். பச்சைப் பசேலென்று இடுப்புயரத்துக்கு நின்ற கன்று. பட்டப்பகலில் அது எப்படித் தெரியாமல் போகும்?

நேரே பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த ஆறு தகட்டிடம் போனேன். முதல் தகடு நல்ல பொன்னிறம். ஆறாவது, உற்றுப் பார்த்தால்தான் மஞ்சள் என்று தெரியும். ஒவ்வொன்றும் மஞ்சள் கூடிப்போச்சு என்று திரும்பி வந்தவை. மஞ்சளே இல்லாததைக் கொடுத்தால் இதுதான் சரியான மஞ்சள் என்கிறார். வெள்ளைக் காரைக் கிரீம் என்கிறார்.

“என்னங்க, அவருக்கு எல்லாமே மஞ்சளாத் தெரியுது. கண்ணுல புரை விழுந்திருக்கு. செமினியில எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு. வெளுத்த வேட்டியைப் பழுப்பா இருக்குன்னு திரும்பத் திரும்பத் துவைக்கச் சொல்வாரு.”

இவர் அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நமக்கு எதுக்கு லா வம்பு? அவரே சரின்னுட்டாரு” என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் புளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளியைச் சொன்னால், ஒரு ஷேட் தவறினாலே திருப்பி அனுப்புகிற மனுஷர் எங்களை வாசல் மிதிக்க விடுவாரா? பினாங்கு பக்கத்திலா இருக்கிறது? பக்கத்துச் சீட்டில் ஆன்டி. எதிரே லோரிகள். இரண்டு நாள் அடுப்பங்கரையில் கொட்டுவதும் உடைப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் இவரே வேன் சாவியை எடுத்துக்கொண்டு, “வா, போய்ச் சொல்லிடுவோம்” என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக நான் மனதாரச் சந்தோஷப்பட்ட நாள்களில் அதுவும் ஒன்று.

கிரீம் என்றால் கிரீம்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கார் போர்ட்டிகோவில் நின்றது. பானட் திறந்திருந்தது. அங்கிள் பாதிச் சாமான்களை மாட்டிவிட்டிருந்தார். ஆன்டி எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

“அங்கிள், நான் தப்பு பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பித்தளை என்று நினைத்தது, புளி, சாம்பல், எல்லாம்.

“புளியோ?” அவர் சிரித்தார். “சும்மா இரும் பிள்ளை. நான் பாத்துத்தானே எடுத்தனான். மஞ்சளாத்தான் கிடக்குது.”

“இல்லீங்க அங்கிள். மஞ்சள் இல்ல.”

அவர் சிரிப்பு நின்றது. “அப்ப என்ட கண்ணில பிழை எண்டு சொல்ல வந்தனீரோ? முப்பது வருஷம் ஒரு எழுத்துப் பிழை விடாமல் ஃபைல் பாத்த கண் இது!”

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆன்டி கார் பக்கம் குனிந்து, ஒரு போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

“இது வெள்ளையெல்லோ அப்பா.”

“என்ன வெள்ளை?”

“வெள்ளைதான். காரைப் போல.”

“கார் கிரீம்!”

ஆன்டி அவரையே பார்த்தார். “கார் வெள்ளை, அப்பா. நீங்கள் மனம் மாறி வெள்ளை எடுத்திட்டீங்கள் எண்டுதான் நான் நினைச்சன். கார்டுகளைப் பாத்துப் பாத்து எடுத்தனீங்களெல்லோ? அதுதான் நான் ஒண்டும் கேக்கேல்லை.”

அங்கிள் காரின் மட்கார்டு மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார். பிறகு, “நீங்கள் போயிட்டு வாங்கோ” என்று எங்களைப் பார்க்காமலே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோப்பி ஆறிப்போயிருந்தது. ஆன்டி வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆறு தகடுகள்

அதன் பிறகு ரொம்ப நாள் தகவலே இல்லை. தீபாவளி வந்து போனது. ஒரு முறுக்குகூட அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவமானப்படுத்திவிட்டோமே என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் காலை வாசலில் டாக்சி நின்றது. அங்கிள் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி. கையில் பிஸ்கட் டின். நேரே பட்டறைக்குள் போனார்.

“அந்த ஆறு சாம்பிளும் கிடக்குதோ தம்பி?”

இவர் சுவரிலிருந்து கம்பியோடு கழற்றிக் கொடுத்தார். அங்கிள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் செய்த கண்ணோரம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. வாசல் வெளிச்சத்துக்குப் போய் முதல் தகட்டைச் சாய்த்துப் பார்த்தார். நேராக்கினார். மறுபடி சாய்த்தார்.

“பச்சை ஓடுது” என்றார். “ரோஸும் ஓடுது.”

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “முதல் நாளே சரியாத்தான் செய்திருக்கிறீர். நான்தான் உம்மை வீணாப் போட்டு வாட்டிட்டன்.”

இருபது வருஷத் தொட்டிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பரவால்ல அங்கிள்” என்றார்.

பிஸ்கட் டின்னில் நான் விளக்கிய சாமான்கள் இருந்தன. அதற்குள் சிலவற்றில் துரு எட்டிப்பார்த்திருந்தது. “முதல் தகட்டு நிறத்தில செய்யும். முக்கிறது இந்தப் பிள்ளை முக்கட்டும். எது மஞ்சள், எது மஞ்சள் இல்லை எண்டு இவவுக்குத்தான் தெரியுது” என்றார். இவர் ஆணியில் தொங்கிய ரப்பர் கையுறையை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்றைக்குப் பட்டறைக்குள் போனவள்தான். அதற்குப் பிறகு என் கையில் இருந்தது துடைப்பம் மட்டுமில்லை.

காரை மறுபடி செலாயாங்குக்குக் கொண்டுபோய்க் கிரீம் அடித்தார்கள். இந்தத் தடவை கார்டைப் பார்த்து எடுத்தவர் ஆன்டி. பினாங்குப் பயணமும் நல்லபடி நடந்தது. எங்களுக்கு ஜாதிக்காய் ஊறுகாய் வந்தது.

நாங்கள் போட்டுக் கொடுத்ததில் ஒரு போல்ட்டு குறைந்தது. பானட் பூட்டுக்குப் பக்கத்தில், திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடம். அங்கே மட்டும் சாம்பல் நிறத்தில், நான் புளி போட்டு விளக்கிய போல்ட்டையே அங்கிள் திரும்ப மாட்டிவிட்டார். டின்னிலேயே அதைப் போடவில்லையாம். பழைய கார்கள் கூடும் இடங்களில் யாராவது குனிந்து பார்த்துவிட்டு, “அங்கிள், இந்த ஒண்ணு மட்டும் ஒரிஜினல் பினிஷ் இல்லையே?” என்று கேட்டால், “எனக்குத் தெரியும். அது அப்பிடியே கிடக்கட்டும்” என்பாராம். ஒரு ஷேட்டுக்காக ஆறு தடவை திருப்பி அனுப்பிய மனுஷர்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தக் கார் எங்கள் வாசலுக்கு வந்தது. அங்கிள் பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நான் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தால் போதும், உடனே பதறிப்போய்க் கையை நீட்டித் தடுப்பார்.

“மற்றதில வைக்காதையும் பிள்ளை. பினிஷ் கெட்டுப்போகும். உம்மட போல்ட்டில மட்டும் வையும்.”